அக்காவின் கத்திக்கு ஒரு கைப்பிடி

போன மாதம் ஒரு சனிக்கிழமை காலை. அக்கா வீட்டுச் சமையலறையில் நின்றுகொண்டு, உலகத்திலேயே புத்திசாலித் தம்பி நான்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த நினைப்பு சரியாக ஏழு நிமிடம் நீடித்தது.

ஏழு நிமிடத்தில் அப்படி என்ன நடந்தது? சொல்கிறேன். அதற்கு முன்னால் அக்காவின் கட்டைவிரலைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

அக்கா பெயர் சரஸ்வதி. பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர். வயதை எழுதினால் எங்கள் பேட்டையான கெலுகோரில் நான் குடியிருக்க முடியாது, இரண்டு தெரு தள்ளித்தான் அவர் வீடு. தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக் கோயிலுக்குப் போகும் வழியில் எங்கள் ஆட்கள் ஒரு பந்தல் போடுவார்கள். வருகிறவர்களுக்கெல்லாம் சோறு, சாம்பார், இரண்டு காய், மோர். அந்தக் காய்கறி வெட்டும் மேசைக்குப் பத்தொன்பது வருடமாக அக்காதான் ராணி. பூசத்துக்கு முதல் நாள் மத்தியானம் மூட்டை மூட்டையாகப் பூசணி, கோஸ், பயத்தங்காய் வந்து இறங்கும். பன்னிரண்டு பெண்கள் வெட்டுவார்கள். அக்காவின் குரல் அடுத்த பந்தல் வரைக்கும் கேட்கும்.

போன வருடம் அவருடைய வலது கட்டைவிரல் மக்கர் பண்ண ஆரம்பித்தது. மடக்கினால் நிமிராது. நிமிர்த்தினால் 'டக்'கென்று ஒரு சத்தம். ஆஸ்பத்திரியில் சின்ன ஆபரேஷன் செய்தார்கள். சத்தம் போய்விட்டது. கார் ஓட்டலாம், ஃபோனைத் தடவலாம். கத்தியை மட்டும் இரண்டு நிமிடம் பிடித்தால் விரல் 'நான் வரலை' என்று சொல்லிவிடும்.

பந்தல் தலைவர் நல்ல மனிதர். அதுதான் பிரச்சினையே. ஒரு நாள் அக்காவைக் கூப்பிட்டுச் சொன்னார்.

"சரஸ், இந்த வருஷம் நீ வெட்ட வேணாம்லா. உக்காந்து பாத்துக்க, போதும். நல்ல நாற்காலியா ஒண்ணு போட்டுர்றேன்."

அக்கா வீட்டுக்கு வந்து கழுவின சட்டியையே திரும்பக் கழுவிக்கொண்டிருந்தார். நான் என்ன ஏது என்று கேட்டேன்.

"நாற்காலி போடறாராம்டா எனக்கு. நாற்காலி! இந்த வருஷம் நாற்காலி. அடுத்த வருஷம் மாலை போட்டு, படமா மாட்டிருவாங்க."

சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. அப்போதுதான் விஷயம் எவ்வளவு ஆழத்தில் குத்தியிருக்கிறது என்று எனக்குப் புரிந்தது.

சரி, இதில் கத்தி எங்கே வருகிறது?

என்னைப் பற்றி ஒரு ரகசியம். நான் வெங்காயம் வெட்டினால் மூன்று சைஸில் விழும். ஆனால் கத்தியைப் பற்றி இரண்டு மணி நேரம் பேசுவேன். காப்புறுதி, அதாவது இன்சூரன்ஸ் விற்கும் வேலையில் வாடிக்கையாளருக்காகக் காத்திருக்கும் நேரமெல்லாம் கத்தி செய்யும் வீடியோதான் பார்ப்பேன். எந்த எஃகு துருப்பிடிக்காது, எது கூர் தாங்கும்... எல்லாம் அத்துப்படி. 'கத்தியப் பாக்குற கண்ணால ஒரு நாளாச்சும் வெங்காயத்தப் பாருங்க' என்பது என் மனைவியின் நிரந்தரக் கோரிக்கை.

அப்படிப் பார்த்ததில்தான் ஒன்று தெரிந்தது. பிடி ஒல்லியாக இருந்தால் கட்டைவிரல் அதிகமாக இறுக்க வேண்டும். பிடி தடிமனாக, அந்தக் கைக்கென்றே செதுக்கியதாக இருந்தால் விரலுக்கு வேலை குறைவு. அக்காவின் கைக்கு ஒரு கத்தி செய்து கொடுத்தால்?

ஆயர் ஈத்தாமில் குமரேசன் என்று ஒருவர் இருக்கிறார். வாரத்தில் ஐந்து நாள் தொழிற்சாலையில் மெஷின் வேலை. சனி ஞாயிறு வீட்டுப் பின்கட்டில் கத்தி செய்கிறார். ஆர்டர் எல்லாம் வாட்ஸ்அப்பில். நான் போய் உட்கார்ந்து எஃகைப் பற்றி என் ஞானத்தையெல்லாம் அவிழ்த்துவிட்டேன். ஐந்து நிமிடம் பொறுமையாகக் கேட்டார்.

"அண்ணே, இரும்ப எங்கிட்ட விடுங்க. எல்லாரும் வந்து கத்தியோட வெட்டுவாயைப் பத்தியே பேசறாங்க. கையி தொடறது பிடியத்தானே? அதச் சொல்லுங்க மொதல்ல."

நியாயம்தான். சொன்னேன். குமரேசன் கேள்வி கேட்டார். யார் பிடிப்பார்கள்? கையில் தண்ணீர் இருக்குமா, எண்ணெய் இருக்குமா? ஒரே மூச்சில் எவ்வளவு நேரம்? நானும் ஆபரேஷன், கட்டைவிரல், பூசணிக்காய் எல்லாம் விவரித்தேன். கடைசியாக ஒன்று கேட்டார்.

"கத்தி எங்க இருக்கப் போவுது?"

"இது என்ன கேள்வி? சமையல்கட்டுலதான்லா."

அவர் எழுதிக்கொண்டார். எந்தச் சமையல்கட்டு என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. பின்னால் வந்த கூத்துக்கெல்லாம் காரணம் இந்த ஒரு வரிதான்.

முதலில் கை அளவு வேண்டும் என்றார். களிமண்ணைப் பிடிக்கச் சொல்லி வாங்கி வாருங்கள், அந்த அச்சை வைத்துச் செதுக்குவேன் என்றார். அக்காவுக்குத் தெரியாமல் செய்து அசத்தவேண்டும் என்பது என் திட்டம். பிள்ளைகள் விளையாடும் களிமண் ஒரு பாக்கெட் வாங்கிக்கொண்டு போனேன்.

"அக்கா, இத ஒரு தடவ இறுக்கிப் புடி."

"எதுக்கு?"

"விரலுக்கு எக்சர்சைஸ். டாக்டர் சொன்னாரு."

"எந்த டாக்டர்?"

"யூடியூப் டாக்டர்."

ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பிடித்தார். தலைவரின் கழுத்து என்று நினைத்துப் பிடித்தாரோ என்னவோ, களிமண் விரலிடுக்கில் பிதுங்கி வெளியே வந்தது. குமரேசன் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அக்கா கோவமா இருந்தாங்களா?"

"கொஞ்சம்."

"இந்த அளவுல செஞ்சா கோவமா இருக்கும்போது மட்டுந்தாண்ணே வெட்ட முடியும். சாதாரணமா இருக்கும்போது எடுத்துட்டு வாங்க."

மறுபடியும் போனேன். அக்கா டிவியில் சீரியல் பார்க்கும் நேரமாகப் பார்த்துக் கையில் திணித்தேன். திரையில் மருமகள் அழுதுகொண்டிருந்தாள். அக்கா என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அருமையான அச்சு.

அடுத்தது, பிடிக்கு என்ன பொருள்? குமரேசன் மேசையில் துண்டு துண்டாகப் பரப்பினார். கருங்காலி. மஞ்சளாக, பட்டுப்போல் கெமுனிங் மரம். செம்பழுப்பில் மெர்பாவ் மரம். அப்புறம் பழுப்பாக, அழுக்குச் செங்கல் மாதிரி ஏதோ ஒன்று.

"இது என்னா?"

"துணிண்ணே. பழைய ஜீன்ஸ். அடுக்கி, பசை ஊத்தி, அழுத்துனது. மைகார்ட்டான்னு சொல்வாங்க. ஈரக் கைக்கு இதுதான் பெஸ்ட். வழுக்காது, ஊறாது, வெடிக்காது."

"எங்க அக்காவுக்குக் கந்தல் துணியில பிடியா? வேணாம்லா."

அப்புறம்தான் அதைப் பார்த்தேன். எருமைக் கொம்பு. கன்னங்கரேல் என்று, உள்ளே தேன் நிறத்தில் ஒரு கோடு ஓடி... அப்படி ஒரு மினுமினுப்பு. அதற்கு மேல் என் மூளை வேலை செய்யவில்லை. இதுதான், இதேதான் என்றேன். தண்ணீர் பட்டால் துடைத்து வைக்கவேண்டும் என்றார் குமரேசன். அதெல்லாம் துடைப்பார் என்றேன்.

இனி அந்தச் சனிக்கிழமை. பூசத்துக்கு இன்னும் ஐந்து நாள் இருந்தது. பெட்டியைத் திறந்து அக்காவிடம் நீட்டினேன். எடுத்துப் பிடித்தார். விரல்கள் அவையவை இடத்தில் போய் உட்கார்ந்தன. அக்காவின் புருவம் உயர்ந்தது. ஃபிரிட்ஜிலிருந்து பாதிப் பூசணியை எடுத்து வைத்து வெட்ட ஆரம்பித்தார். முடிந்ததும் கேரட். கேரட் முடிந்ததும், அன்றைக்குத் தேவையே இல்லாத ஒரு முழுக் கோஸ்.

"டேய்... வலிக்கலடா."

குரல் உடைந்துவிட்டது. புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நானும் சட்டை நுனியால் துடைத்துக்கொண்டேன். மறைப்பானேன்?

"இனி அவரு நாற்காலிய அவரே தலையில வெச்சிக்கட்டும்" என்று சொல்லிச் சிரித்தார். பிடியைத் தடவிப் பார்த்தார். "எவ்ளோ வழவழன்னு இருக்கு... என்ன மரம்டா இது?"

"மரமா? எருமைக் கொம்புக்கா!"

எவ்வளவு பெருமையாகச் சொன்னேன் தெரியுமா?

அக்காவின் கை அப்படியே நின்றது. கத்தியைப் பலகைமேல் மெதுவாக வைத்தார். குழாயைத் திறந்து கை கழுவினார். அதோடு அந்த ஏழு நிமிடம் முடிந்தது.

அக்கா சைவம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை அவர் வைக்கும் ஆட்டெலும்புக் குழம்பு வாசத்துக்கு எங்கள் தெருவே எழுந்து உட்காரும். ஆனால் பந்தல் சாமான் வேறு. பந்தலுக்கென்று கத்தி, பலகை, கரண்டி எல்லாம் மஞ்சள் துணியில் சுற்றி அலமாரியின் மேல்தட்டில் இருக்கும். வருடத்துக்கு ஒரு தடவை, விரதமிருந்து, குளித்துவிட்டுத்தான் இறக்குவார். இது எனக்குத் தெரியாதா? சின்ன வயதிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். இருந்தும், சாமி சோற்றுக்குக் காய் நறுக்கும் கத்திக்குச் செத்த மாட்டின் கொம்பை மாட்டிக் கொண்டுவந்து நீட்டியிருக்கிறேன். புத்திசாலித் தம்பி!

தோற்றுப்போக மனமில்லை. வாதாடினேன்.

"ஏன்கா, உருமி மேளத்துல தோல் இல்லியா? அது சாமிக்கு முன்னாலயேதானே போவுது?"

"மேளத்த வெச்சா சாம்பாருக்கு நறுக்கறோம்?"

"சரி, பேசாம விட்டுரலாம். பாத்தா கருங்காலி மாதிரிதானே இருக்கு? யாருக்குத் தெரியப் போவுது?"

அக்காவுக்கு வந்ததே கோபம்!

"அத ஏன்டா எங்கிட்ட சொன்ன? மரம்னு சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல? நிம்மதியா வெட்டிட்டுப் போயிருப்பேனே! இப்ப தெரிஞ்சு போச்சு. இனி எப்படிப் புடிப்பேன்?"

பலபேர் வாழ்க்கை இப்படித்தான் ஓடுகிறது என்று நினைக்கிறேன். தெரியாத வரைக்கும் எல்லாமே கருங்காலி. ஆனால் கேட்காமலும் இருக்கமாட்டோம், சொல்லாமலும் இருக்கமாட்டோம்.

குமரேசனுக்கு ஃபோன் போட்டேன். ஸ்பீக்கரில் போட்டு நடந்ததைச் சொன்னேன்.

"அண்ணே... பந்தலுக்குன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா? தெரிஞ்சிருந்தா கொம்பு டப்பாவயே நான் தொறந்திருக்க மாட்டேன்."

"இப்ப மாத்த முடியுமா?"

"ஒடச்சுத்தான் எடுக்கணும். எடுத்துரலாம். ஆனா வேற என்னத்த வைக்கிறது? காஞ்ச மரமெல்லாம் மத்த ஆர்டருக்குப் போயிருச்சு. இருக்கறது ஈரக் கட்டை. இப்ப வெச்சா ரெண்டு மாசத்துல வெடிச்சிரும். கருங்காலி அக்கா கைக்குப் பத்தாது, சின்னத் துண்டு." கொஞ்சம் யோசித்தார். "துணியில செய்யலாம். ஜீன்ஸ் கட்டையும் மெலிசு, அதனால புதுசாவே அழுத்திரலாம். பருத்தித் துணி இருக்கா?"

அக்கா பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். இரும்பு பரவாயில்லை, மஞ்சள் தண்ணீரில் கழுவினால் சரியாகிவிடும், கொம்பைக் கழுவினாலும் அது கொம்புதான் என்று ஏற்கெனவே தீர்ப்பு சொல்லியிருந்தார். துணி என்றதும் உள்ளே போய் ஒரு மூட்டையோடு வந்தார்.

பந்தல் டி-ஷர்ட்டுகள்! எங்கள் பந்தலில் தொண்டு செய்கிறவர்களுக்கு வருடா வருடம் ஒரு டி-ஷர்ட் கொடுப்பார்கள். ஒரு வருடம் காவி, ஒரு வருடம் பச்சை, ஒரு வருடம் அரக்கு. அக்கா ஒன்றையும் தூக்கிப் போட்டதில்லை.

"பந்தல் துணி. பந்தலுக்கே ஆவட்டும்" என்றார்.

எனக்கே புல்லரித்துவிட்டது. இரண்டு பேருமாக அன்றைக்கே ஆயர் ஈத்தாம் போனோம். குமரேசன் ஒவ்வொரு சட்டையாக எடுத்து விரலால் தேய்த்தார். மோந்து பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார்.

"அக்கா, தப்பா நெனச்சிக்காதீங்க. இதுல எண்ணெ ஏறியிருக்கு. மஞ்சளு, தாளிச்சது, எல்லாம். எத்தன தடவ தொவச்சாலும் உள்ள நிக்கும். பசை புடிக்காது. வெட்டிட்டு இருக்கும்போதே அடுக்கடுக்கா பிரிஞ்சு வந்துரும்."

"பத்தொம்பது வருஷம் போட்டு வேல செஞ்ச சட்டைப்பா..." அக்காவின் குரல் இறங்கிவிட்டது. நாற்காலி அவர் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றிருக்க வேண்டும்.

"இதே சட்டையில சுத்தமானது இருந்தாப் போதும்கா. அடுப்புப் பக்கமே போவாதது. போடாததா இருந்தா இன்னும் நல்லது."

அக்கா மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார்.

எனக்கும் வருடா வருடம் டி-ஷர்ட் கொடுப்பார்கள் ஐயா. தொண்டர் பட்டியலில் என் பெயர் உண்டு. அக்காவின் தம்பி என்ற கோட்டாவில். வாங்குவேன். நெஞ்சுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு ஒரு போட்டோ எடுத்துக்கொள்வேன். சாம்பார் பிரமாதம் என்று சொல்லிவிட்டு இரண்டு தடவை வாங்கிச் சாப்பிடுவேன். வீட்டுக்கு வந்துவிடுவேன்.

"எத்தன வெச்சிருக்க?" என்றார் அக்கா.

"ஒம்பது."

"ஒண்ணு கூடவாடா போடல?"

"கவரே பிரிக்கலக்கா."

குமரேசன் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியதைப் பார்த்தேன்.

அடுத்த நாள் ஒன்பதும் போயின. அச்சடித்த எழுத்து இருக்கும் பக்கத்தைக் குமரேசன் வெட்டி ஒதுக்கினார், பெயிண்ட் மேலும் பசை நிற்காதாம். மிச்சத்தைப் பட்டை பட்டையாக நறுக்கி, பசையில் முக்கி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, இரண்டு இரும்புத் தகடுக்கு நடுவில் வைத்து இறுக்கினார். மறுநாள் வேலை விட்டு வந்து திறந்தபோது கல் மாதிரி ஒரு கட்டை. நல்லவேளையாகக் கொம்புப் பிடியை உடைக்கும் முன்னால் அங்குலம் அங்குலமாக அளவெடுத்து வைத்திருந்தார். மெஷினில் கொடுத்துத் தேய்க்கத் தேய்க்க நிறங்கள் எழும்பி வந்தன. காவி, பச்சை, அரக்கு, நீலம்... அசல் குவே லாப்பிஸ் அடுக்குப் பலகாரம் போலவே இருந்தது. கந்தல் துணி என்று சொன்ன வாயை மூடிக்கொண்டு பார்த்தேன்.

பூசத்துக்கு முதல் நாள் மத்தியானம். பந்தலில் பூசணி வந்து இறங்கியிருந்தது. மேசையின் தலைப்பக்கத்தில், சொன்ன சொல் தவறாமல், தலைவர் ஒரு நாற்காலி போட்டிருந்தார். குஷன் வைத்த நாற்காலி. அக்கா அதைப் பார்த்தார். குனிந்து ஒரு பூசணியைத் தூக்கி அதன்மேல் உட்கார வைத்தார். மஞ்சள் துணியைப் பிரித்தார். கத்தியை எடுத்தார்.

தலைவர் ஓடி வந்தார். "சரஸ், கை..."

"கைக்கு என்னா? பாருங்க."

பார்த்தார். நானும் பார்த்துக்கொண்டிருந்தேன். நடுவில் நான்கு தடவை நிறுத்தி விரலை உதறிக்கொண்டார் அக்கா. அதை மறைக்கவும் இல்லை. ஆனால் மூட்டைகள் தீரும் வரைக்கும் கத்தியை வேறு ஒருவர் கையில் கொடுக்கவில்லை. 'பயத்தங்காய இப்படியா நறுக்குவாங்க' என்று அவர் போட்ட சத்தம் அடுத்த பந்தல் வரைக்கும் கேட்டது. தலைவரே போய்ப் பூசணியை இறக்கிவிட்டு, நாற்காலியை எடுத்துக்கொண்டு போனார்.

போகும்போது அவருடைய கண் பிடியில் விழுந்தது.

"அழகா இருக்கே... என்ன மரம் சரஸ்?"

நான் அக்காவைப் பார்த்தேன். அக்கா வெட்டுவதை நிறுத்தவில்லை.

"மரமில்லண்ணே. எந்தம்பி செஞ்ச தொண்டு. ஒம்பது வருஷத்துது, மொத்தமா."

தலைவருக்கு ஒன்றும் புரியவில்லை. "நல்ல தம்பி" என்று சொல்லிவிட்டு, இந்த வருட டி-ஷர்ட்டை என்னிடம் நீட்டினார். புத்தம் புதுசு, கவருக்குள். நான் வழக்கம்போல் நெஞ்சுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு போட்டோவுக்கு நிற்கப் போனேன்.

"பிரி" என்றார் அக்கா.

பிரித்தேன்.

"போடு."

போட்டேன். அவருடைய பழைய ஒல்லிக் கத்தி ஒன்றை எடுத்து என் முன்னால் வைத்தார். பக்கத்தில் ஒரு மூட்டை வெங்காயம்.

மூன்று சைஸில்தான் விழுந்தது. யாரும் குறை சொல்லவில்லை, சாம்பாரில் எல்லாம் கரைந்துவிடுமாம். உடைந்த எருமைக் கொம்பு இப்போது என் மேசையில் இருக்கிறது, இதை எழுதும் காகிதம் பறக்காமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. அந்த டி-ஷர்ட்டை மட்டும் மனைவி மூன்று தடவை துவைத்துப் பார்த்துவிட்டார். மஞ்சள் கறை போகவே இல்லை.

இனி அது எந்தக் கைப்பிடிக்கும் உதவாது!